பூஞ்சணமும் நம் இல்லத்துக் காற்றும்

முன்னுரை

பால்மரத் தோட்டங்கள் மிகுந்திருந்த நாள்களில், அங்குப் பணியாற்றிய நம் முதியோர் ஓர் உண்மையைத் தெளிவாக அறிந்திருந்தனர். உறைந்த ரப்பர்ப் பாலை இயந்திரத்தில் அழுத்தித் தகடாக்கியபின், அதனை ஈரத்தோடு அடுக்கி வைத்தால் சில நாள்களில் அதன்மேல் பூஞ்சணம் படரும், தரம் தாழும், விலையும் குறையும். ஆதலின், அத்தகடுகளைப் புகைக்கூடத்தில் தொங்கவிட்டு, ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் பல நாள் உலர்த்தினர். வெப்பம் ஈரத்தை நீக்கியது. புகையிலுள்ள சில பொருள்கள் பூஞ்சணத்தைத் தடுத்தன. "முதலில் உலர்த்து, பின்னர் அடுக்கு" என்பது புகைக்கூடத்தின் விதி.

சந்தைக்குச் செல்லும் ரப்பருக்கு நாம் காட்டிய அக்கறையை, நம் பிள்ளைகள் உறங்கும் அறைக்கும் காட்ட வேண்டாமா? அலமாரியின் பின்புறம், மெத்தையின் அடிப்பக்கம், குளியலறையின் மேற்கூரை ஆகிய இடங்களில் கறுப்பும் பச்சையுமாய்ப் படர்ந்திருக்கும் பூஞ்சணத்தைப் பலர் வெறும் அழுக்கு என்றே எண்ணுகின்றனர். அது வெறும் அழுக்கன்று, உயிருள்ள ஒன்று. அது வளரும் வீட்டில் நாம் உள்ளிழுக்கும் காற்றும் மாசடைகின்றது. அதன் இயல்பையும், அதனைத் தடுக்கும் வழிகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

பூஞ்சணம் என்பது யாது?

பூஞ்சணம் காளான் இனத்தைச் சேர்ந்தது. அதற்குப் பச்சையம் இல்லை. ஆகவே, செடிகொடிகளைப் போல் சூரிய ஒளியைக் கொண்டு தனக்கு வேண்டிய உணவைத் தானே ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது. மெல்லிய இழைகளைப் பரப்பி, தான் பற்றிய பொருளின்மீது செரிமான நீரைச் சுரந்து, அப்பொருளைக் கரைத்து உறிஞ்சி வாழ்கின்றது. தாள், மரப்பலகை, பருத்தித் துணி, தோல், ஏன், சுவரில் படிந்த தூசிகூட அதற்கு உணவாகும். நம் பாடநூல்களும் காலணிகளும் தலையணைகளும் அதற்கு விருந்தாவது இதனால்தான்.

பூஞ்சணம் 'சிதல்' எனப்படும் நுண்ணிய வித்துகளால் பெருகுகின்றது. ஒரு மில்லிமீட்டரை 1,000 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான் ஆகும். வீடுகளில் காணப்படும் பூஞ்சணங்கள் பலவற்றின் சிதல்கள் 3 முதல் 10 மைக்ரான் அளவின. 5 மைக்ரான் சிதல்களை வரிசையாய் நிறுத்தினால், ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் 200 சிதல்கள் அடங்கிவிடும்! இவை காற்றில் மிதந்து எங்கும் செல்கின்றன. சன்னல் வழியாகவும் வரும். நம் உடையில் ஒட்டிக்கொண்டும் வரும். சிதலே இல்லாத வீடு இவ்வுலகில் இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். சிதல்கள் எல்லா வீட்டிலும் இருக்குமாயின், சில வீடுகளில் மட்டும் பூஞ்சணம் மண்டுவது ஏன்? அதற்குரிய விடை ஒரே சொல்லில் அடங்கும். அச்சொல் 'ஈரம்' என்பதாகும். உணவு எங்கும் உண்டு. நம் நாட்டின் வெப்பமும் அதற்கு ஏற்றதே. எஞ்சிய ஒன்றாகிய ஈரம் கிடைத்த இடத்தில் சிதல் முளைக்கின்றது. கிடைக்காத இடத்தில் உறங்குகின்றது. நம் கைக்கு அடங்கியது ஈரம் ஒன்றே என்பதை மாணவர்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும்.

செய்து பார்க்க: ரொட்டிச் சோதனை

இதனை மெய்ப்பிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு ரொட்டித் துண்டுகளை எடுத்துக்கொள்க. ஒன்றை வெயிலிலோ வாணலியிலோ மொறுமொறுப்பாகும்வரை நன்கு உலர்த்துக. அது ஆறியபின், இரண்டையும் அரைமணி நேரம் மேசைமீது திறந்து வைக்க. பின்னர், உலராத துண்டின்மீது சில சொட்டு நீரைத் தெளிக்க. இரண்டையும் தனித்தனி நெகிழிப் பைகளில் இட்டு, வாயை இறுகக் கட்டி, ஒரே இடத்தில் வைத்து, நாள்தோறும் உற்றுநோக்கிக் குறித்து வருக.

சில நாள்களில் ஈரத்துண்டில் வெள்ளை இழைகள் தோன்றிப் பின்னர்ப் பச்சையாகவோ கறுப்பாகவோ மாறும். உலர்ந்த துண்டு முன்போலவே இருக்கும். ரொட்டி ஒன்றே, காற்று ஒன்றே, சிதலும் ஒன்றே. வேறுபட்டது நீர் மட்டுமே. பையை எக்காரணம் கொண்டும் திறத்தல் கூடாது. சோதனை முடிந்ததும் கட்டியபடியே குப்பைத் தொட்டியில் இடுக.

பூஞ்சணத்தால் நன்மை இல்லையோ?

உண்டு. 1928ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் அலெக்சாண்டர் பிளெமிங் என்னும் அறிஞர், தம் ஆய்வுத் தட்டில் தற்செயலாய் வளர்ந்த பெனிசிலியம் என்னும் பூஞ்சணம் தன்னைச் சூழ்ந்திருந்த நோய்க்கிருமிகளை அழித்திருந்ததைக் கண்டார். பெனிசிலின் மருந்து பிறந்த வரலாறு இதுவே. அம்மருந்துக்காகப் பிளெமிங், புளோரி, செயின் ஆகிய மூவருக்கும் 1945ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. நம் அண்டை வீட்டார் சமைக்கும் தெம்பேயும், சோயா அவரையின்மீது ரைசோபஸ் என்னும் பூஞ்சணத்தை வளர்த்துச் செய்யப்படுவதே.

காட்டில் உதிர்ந்த இலைகளையும் சாய்ந்த மரங்களையும் மக்கச்செய்து மண்ணுக்கு உரமாக்குவதும் காளான் இனமே. எனவே, பூஞ்சணம் பகை அன்று; அது தன் தொழிலைக் காட்டில் செய்யும்வரை நமக்கு நண்பன். வீட்டிற்குள் புகுந்து செய்யத் தொடங்கும்போதுதான் கேடு விளைகின்றது.

காற்றில் ஒளிந்திருக்கும் நீர்

மழை ஒழுகினால் ஈரம் என்பது எல்லார்க்கும் விளங்கும். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் ஒன்று உண்டு. அதுவே காற்றிலுள்ள நீராவி.

குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்றில் குறிப்பிட்ட அளவு நீராவியே தங்கும். 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி தங்கும். 25 பாகையில் ஏறத்தாழ 23 கிராம். 20 பாகையில் ஏறத்தாழ 17 கிராம் மட்டுமே. காற்று குளிரக் குளிர, அது தாங்கும் நீராவியின் அளவு குறைகின்றது. தாங்கக்கூடிய முழு அளவில் எத்தனை விழுக்காடு நீராவி இப்பொழுது உள்ளது என்பதையே 'ஒப்பு ஈரப்பதம்' என்கின்றோம்.

மலேசியாவில் ஒப்பு ஈரப்பதம் பெரும்பாலும் 70 முதல் 90 விழுக்காடு வரை இருக்கின்றது. இரவிலும் மழைக்குப் பின்னும் அது மிகும். வெயிலடிக்கும் நண்பகலில் குறையும்.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் உள்ள ஓர் அறையின் கொள்ளளவு 30 கனமீட்டர். 30 பாகை வெப்பத்தில் அவ்வறைக் காற்று தாங்கக்கூடிய நீராவி 30 × 30 = 900 கிராம். ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடாயின், 720 கிராம் முன்னரே உள்ளது. மேலும் இடமுள்ளது 180 கிராமுக்கு மட்டுமே.

கையால் பிழிந்த தடித்த துண்டு ஒன்றில் கால் கிலோவுக்குக் குறையாத நீர் இருக்கும். ஈரமாயிருக்கும்போது ஒருமுறையும் உலர்ந்தபின் ஒருமுறையும் சமையலறைத் தராசில் நிறுத்தால் இதனை நீங்களே அறியலாம். அடைத்த அறையில் அப்படிப்பட்ட ஒரே ஒரு துண்டை உலர்த்தினாலும் அவ்வறைக் காற்றால் அந்நீர் முழுவதையும் தாங்க முடியாது. ஒரு வாளித் துணியை உலர்த்தினால் என்ன ஆகும்? எஞ்சிய நீர் சுவரிலும் மெத்தையிலும் புத்தகத்திலும் சென்று தங்கும்.

உறங்கும்போதும் நம் மூச்சாலும் வியர்வையாலும் நீராவி வெளிப்பட்டவண்ணம் இருக்கின்றது. நால்வர் உறங்கும் அறையில் ஓரிரவில் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் காற்றில் சேர்கின்றது. காலையில் சன்னலைத் திறவாத வீட்டில் அந்நீர் எங்கே போகும்?

உப்பு உரைக்கும் உண்மை

ஈரப்பதத்தை அளக்கக் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. கருவி இல்லாதவர்க்கு நம் அடுப்படியிலேயே ஓர் அளவுகோல் இருக்கின்றது. அது உப்பு!

சுற்றியுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால், உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். வியப்பு யாதெனின், சுவர்களிலும் பொருள்களிலும் பூஞ்சணம் எளிதாய் வளரத் தொடங்குவதும் ஏறத்தாழ 75 முதல் 80 விழுக்காட்டு அளவிலேதான். ஆகவே, உப்பு கசியும் இடம் பூஞ்சணம் பூக்கும் இடம் என்று கொள்ளலாம்.

தூள் உப்பை வெறும் வாணலியில் சற்று வறுத்து ஆறவிடுக. இரண்டு சிறு தட்டுகளில் ஒவ்வொரு தேக்கரண்டி இடுக. ஒன்றை ஐயத்துக்குரிய அலமாரியினுள்ளும், மற்றொன்றைக் காற்றோட்டமுள்ள கூடத்திலும் வைக்க. இரண்டு மூன்று நாள் காலையும் நண்பகலும் பார்க்க. கூடத்து உப்பு நண்பகலில் உலர்ந்திருக்க, அலமாரி உப்பு எந்நேரமும் கசிந்திருக்குமாயின், அந்த அலமாரிக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்பது தெளிவு. கல்லுப்பில் கலந்துள்ள மக்னீசிய உப்புகள் இன்னும் குறைந்த ஈரத்திலேயே நீரை இழுப்பதால், இச்சோதனைக்குத் தூள் உப்பே ஏற்றது.

ஈரம் வரும் நான்கு வழிகள்

முதலாவது, ஒழுக்கு. ஓட்டை விழுந்த கூரை, அடைபட்ட மழைநீர்க் குழாய், கசியும் தண்ணீர்க் குழாய் ஆகியவை இவ்வகையின.

இரண்டாவது, நிலத்தின் ஈரம். தரையிலிருந்து சுவரின்வழி நீர் மேலேறும். சுவரின் அடியில் வெண்மையான தூள் பூத்திருந்தால், அது பெரும்பாலும் பூஞ்சணமன்று. சுவரினுள்ளிருந்து நீரோடு வந்த உப்பே. அதன்மீது நீர் தெளித்தால் கரைந்துவிடும். ஆயினும், சுவரில் நீர் ஏறுகின்றது என்பதற்கு அதுவே சாட்சி.

மூன்றாவது, நாமே உண்டாக்கும் நீராவி. சமைத்தல், குளித்தல், துணி உலர்த்தல், மூச்சுவிடுதல் ஆகியவற்றால் வருவது.

நான்காவது, குளிர்ந்த பரப்பில் நீர் படிதல். தெளிந்த வானமுள்ள இரவில் தகரக் கூரை விரைவாய்க் குளிர்கின்றது. அதன் அடிப்புறத்தில் நீர்த்துளிகள் கோக்கின்றன. மழையே பெய்யாத நாளிலும் விடியற்காலையில் கூரை சொட்டுவது இதனால்தான். குளிர்சாதனத்தால் சில்லிட்ட அறையிலும் இதுவே நிகழும். 30 பாகையில் 80 விழுக்காடு ஈரமுள்ள வெளிக்காற்றின் ஒவ்வொரு கனமீட்டரிலும் 24 கிராம் நீராவி உண்டு. அது 25 பாகைக்குக் குளிர்ந்தால் 23 கிராமையே தாங்கும். மிகுந்தது சுவரில் படியும்.

தோட்டங்களிலிருந்து நகரங்களுக்குப் பெயர்ந்து, அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய குடும்பங்கள் பல. பழைய பலகை வீடுகளில் குறைகள் பல இருந்தன. எனினும், பலகை இடுக்குகளின்வழி காற்று வந்து போனது. மலாய்க்காரரின் மரபுவழி வீடு தூண்கள்மீது நிற்பதால் தரையின் கீழும் காற்று உலவுகின்றது. சிமெந்து வீட்டில் அவ்விடுக்குகள் இல்லை. அங்கே சன்னலைத் திறந்தால்தான் காற்றுண்டு. இந்த வேறுபாட்டை நாம் உணர்ந்து நடத்தல் வேண்டும்.

உடலுக்கு விளையும் தீங்கு

உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு, வீட்டு ஈரத்தையும் பூஞ்சணத்தையும் குறித்து ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. ஈரமும் பூஞ்சணமும் மிகுந்த வீடுகளில் வாழ்வோர்க்கு இருமல், மூச்சிரைப்பு, மூச்சுக்குழல் நோய்கள் ஆகியவை மிகுதியாய் வரும் என்றும், ஆஸ்துமா எனப்படும் ஈளை நோய் கடுமையாகும் என்றும் அந்நூல் தெரிவிக்கின்றது. கைக்குழந்தைகள், முதியோர், ஈளை நோயாளர், நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியோர் ஆகியோர் பெரிதும் பாதிக்கப்படுவர்.

எல்லா இருமலுக்கும் பூஞ்சணமே காரணம் என்று கருதுதல் தவறு. ஆயினும், பிள்ளைக்கு வீட்டிலிருக்கும்போது தும்மலும் இருமலும் மிகுந்து, வெளியூர் சென்றால் தணியுமாயின், பெற்றோர் படுக்கையறையை ஆராய்ந்து பார்க்க வேண்டும். பிள்ளையை மருத்துவரிடம் காட்டும்போது வீட்டின் நிலையையும் மறவாமல் கூற வேண்டும். பிள்ளை மருந்து உட்கொண்டபின் மீண்டும் அதே பூஞ்சண மெத்தையில் படுப்பானாகில், மருந்தின் பயன் எங்ஙனம் நிலைக்கும்?

கறுப்புப் பூஞ்சணம் நஞ்சு, பச்சை தீங்கற்றது என்று நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டுவதில்லை. எந்நிறத்ததாயினும் வீட்டினுள் வளர்வதை அகற்றுவதே முறை.

தடுக்கும் வழிகள்

1. ஒழுக்கை முதலில் அடைக்க வேண்டும். ஒழுகும் கூரையின்கீழ் எத்தனை முறை சுவரைத் துடைத்தாலும் பூஞ்சணம் மீண்டும் வரும்.

2. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட வேண்டும். காலம் கடந்தால் சிதல் முளைத்துவிடும்.

3. வெயிலுள்ள முற்பகல் 10 மணி முதல் பிற்பகல் 4 மணிக்குள் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். ஒரு வழியில் காற்று வந்து மறுவழியில் வெளியேறினால்தான் ஈரம் நீங்கும். பெருமழை வேளையில் சாரல் புகாதவாறு சாத்துக.

4. சமைக்கும்போதும் குளித்தபின்னும் ஈரக்காற்று வெளியே செல்ல வழி செய்க. குளியலறைக் கதவைச் சாத்தி, அதன் சன்னலைத் திறந்து வைப்பதே முறை.

5. துணியை வெளியில் உலர்த்துக. மழை நாளில் வீட்டினுள் உலர்த்த நேர்ந்தால், யாரும் உறங்காத இடத்தில், சன்னலைத் திறந்து, மின்விசிறியைச் சுழலவிட்டு உலர்த்துக. நன்றாகப் பிழிந்த துணி பாதி உலர்ந்த துணி.

6. அலமாரியையும் கட்டிலையும் சுவரை ஒட்டி வைக்காமல், ஒரு சாண் இடைவெளி விடுக. தரையில் விரிக்கும் மெத்தையைக் காலையில் நிமிர்த்தி வைக்க. வாரம் ஒருமுறை வெயிலில் போடுக.

7. குளிர்சாதனம் இயங்கும்போது கதவு சன்னல்களைச் சாத்துக. அறையை மிகவும் சில்லிடச் செய்யாமல் 24 அல்லது 25 பாகையில் வைத்தலே போதும். அதன் வடிகட்டியை அடிக்கடி கழுவி உலர்த்திப் பொருத்துக.

8. வீட்டைச் சுற்றியுள்ள வடிகாலில் நீர் தேங்கவிடாதீர். இதனால் ஏடிசுக் கொசுவும் குறையும்.

இவற்றுள் மாணவர்கள் செய்யத்தக்கவை பல. ஈரத் துண்டைப் படுக்கைமேல் எறியாதிருத்தல், நனைந்த காலணியினுள் பழைய செய்தித்தாளைத் திணித்து நீரை உறிஞ்சச் செய்தல், மழையில் நனைந்த பள்ளிப்பையை உடனே காலி செய்து உலர்த்துதல், எழுந்தவுடன் பாயையும் போர்வையையும் சற்றுக் காற்றாட விரித்து வைத்தல் ஆகியவை சிறு கைகளால் ஆகும் பெரும் பணிகள்.

தோட்டக் குடியிருப்பில் வாழ்வோர் ஒன்றை அறிந்திருத்தல் நலம். தொழிலாளர் குடியிருப்புகளைக் குறித்த 1990ஆம் ஆண்டுச் சட்டம் (சட்டம் 446), முதலாளி வழங்கும் வீடுகளைப் பழுதின்றிப் பராமரிப்பதை முதலாளியின் கடமையாக்கியுள்ளது. எனவே, கூரை ஒழுகினால் பொறுத்துக்கொண்டு வாளி வைப்பதோடு நின்றுவிடாமல், எந்நாள், எவ்விடத்தில் ஒழுகியது என்று குறித்து, நிருவாகத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் அக்கடிதத்தை எழுதப் பெற்றோர்க்குத் துணைபுரியலாம். கற்ற கல்விக்கு அதனினும் சிறந்த பயன் வேறு யாது?

வந்தபின் அகற்றும் முறை

பூஞ்சணம் ஒரு மீட்டர் நீள அகலத்துக்கு உட்பட்டிருப்பின் வீட்டாரே அகற்றலாம். பெரியவர்களே இதனைச் செய்ய வேண்டும். ஈளை நோயுள்ளோரும் சிறுவரும் அவ்வறையில் இருத்தல் ஆகாது. சன்னலைத் திறந்து, முகக்கவசமும் கையுறையும் அணிந்துகொள்க. உலர்ந்த பூஞ்சணத்தைத் துடைப்பத்தால் தட்டினால் இலட்சக்கணக்கான சிதல்கள் காற்றில் பறக்கும். ஆகவே, முதலில் ஈரத் துணியால் நனைத்து, பின்னர்ச் சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவி, முற்றிலும் உலரவிடுக. உலர்த்தாத சுவரைக் கழுவியும் பயனில்லை.

ஓடு, கண்ணாடி, உலோகம் போன்றவற்றை இவ்வாறு தூய்மை செய்யலாம். பூஞ்சணம் ஊடுருவிய மெத்தை, தலையணை, நனைந்து உப்பிய மேற்கூரை அட்டை ஆகியவற்றைத் தூய்மை செய்தல் அரிது, அகற்றுவதே நன்று.

குளோரின் கலந்த வெளுப்பானைப் பயன்படுத்துவோர் மிகுந்த எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும். அதனோடு காடியையோ, கழிவறை கழுவும் அமிலத்தையோ, அம்மோனியா கலந்த நீர்மத்தையோ ஒருபோதும் கலக்கலாகாது. கலந்தால் நச்சுவாயு எழுந்து மூச்சை அடைக்கும். பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த கூரைத் தகடுகள் இருக்கக்கூடும். அவற்றைச் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. அவற்றிலிருந்து பறக்கும் இழைகள் நுரையீரலுக்குக் கொடியவை.

வெள்ளம் வடிந்த வீடுகளில் இப்பணி இன்னும் அவசரமானது. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் கிளந்தானிலும், 2021ஆம் ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரிலும் பெருவெள்ளம் புகுந்தபோது, நீர் வடிந்தபின்னும் வீடுகளில் ஈரம் எஞ்சியது. அத்தகைய வேளையில் முதற்கண் மின் இணைப்பு பாதுகாப்பாக உள்ளதா என்று உறுதி செய்துகொண்டு, சேற்றை அகற்றி, நனைந்த மெத்தைகளையும் அட்டைகளையும் வெளியேற்றி, வீட்டைத் திறந்து காற்றாடவிட வேண்டும்.

பயன் தராத பரிகாரங்கள்

பூஞ்சண வாடையை மறைக்க நறுமணத் தெளிப்பான் அடிப்பர் சிலர். வாடை மறையும், பூஞ்சணம் மறையாது. சுவரைக் கழுவாமல் அதன்மேல் வண்ணம் பூசுவர் வேறு சிலர். வண்ணம் உரிந்து பூஞ்சணம் மீண்டும் எட்டிப்பார்க்கும்.

துணி அலமாரியில் நாப்தலீன் உருண்டைகளை இடும் வழக்கம் நம்மிடையே பரவலாய் உண்டு. அவை பூச்சியைத் துரத்துமேயன்றி ஈரத்தை நீக்கா. மேலும், 'ஜி6பிடி' என்னும் நொதிக் குறைபாட்டுடன் பிறந்த குழந்தைகளுக்கு அவற்றின் ஆவி கேடு விளைக்கும். இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, கடும் மஞ்சள் காமாலை உண்டாகலாம். ஆகவே, கைக்குழந்தையின் துணிகளோடும் தொட்டிலோடும் அவ்வுருண்டைகளைச் சேர்க்கவே கூடாது. மூடிய அலமாரியில் ஈரத்தை உறிஞ்ச, அதற்கென விற்கப்படும் ஈரமுறிஞ்சிப் பெட்டிகளைச் சிறார் கைக்கு எட்டாதவாறு வைக்கலாம்.

ஈர வாடை நீங்கப் புகை போடுவோரும் உளர். புகைக்கூடத்தின் புகை ரப்பருக்கு ஏற்றது, நுரையீரலுக்கு ஏற்றதன்று. கொசுவர்த்திச் சுருளைப் பற்றி 2003ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு ஒன்றில், சீன, மலேசியச் சுருள்கள் எரித்துச் சோதிக்கப்பட்டன. ஒரு சுருள் வெளியிடும் நுண்துகள்களின் அளவு, 75 முதல் 137 வெண்சுருட்டுகள் வெளியிடும் அளவுக்கு ஈடாயிருந்தது. அடைத்த அறையில் சுருளைக் கொளுத்திவிட்டு உறங்குவதினும் கொசுவலையே மேலானது. சாம்பிராணி இடும்போதும் சன்னலைத் திறந்து வைத்தல் நன்று.

இங்கே ஒரு விதிவிலக்கையும் குறித்தல் வேண்டும். 1997, 2015 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்ததுபோலப் புகைமூட்டம் சூழும் காலத்தில் வெளிக்காற்றே கெட்டிருக்கும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் சன்னல்களைச் சாத்தி வைத்தலே அறிவுடைமை. அந்நாள்களில் வீட்டினுள் துணி உலர்த்துவதையும், நெடுநேரம் நீர் கொதிக்க வைப்பதையும் குறைத்துக்கொள்க. குறியீடு தணிந்தவுடன் வீட்டைத் திறந்துவிடுக.

முடிவுரை

பூஞ்சணத்தின் வித்து எங்கும் உளது. அதனை ஒழித்துவிட எவராலும் ஆகாது. அதற்கு வேண்டிய ஈரத்தை மறுப்பது எவராலும் ஆகும். ஒழுக்கை அடைத்தல், நனைந்ததை உடனே உலர்த்தல், காற்றுக்கு வழிவிடுதல் ஆகிய மூன்றுக்கும் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. அன்றாட அக்கறையே வேண்டும். உணவைத் தேர்ந்து உண்கின்றோம். நீரைக் காய்ச்சிப் பருகுகின்றோம். இரவும் பகலும் நாம் உட்கொள்ளும் காற்றுக்கும் அக்கவனத்தைச் செலுத்துவோமாக. நாளை காலை கதிரவன் எழுந்ததும், ஒவ்வொரு மாணவரும் தம் அறையின் சன்னலைத் திறந்து இப்பணியைத் தொடங்குவார்களாக!

பயிற்சி வினாக்கள்

1. பூஞ்சணத்தால் தனக்கு வேண்டிய உணவைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாதது ஏன்?

2. ரொட்டிச் சோதனையில் இரண்டு துண்டுகளுக்கும் இடையே வேறுபட்டது யாது? அதனால் நீ அறிந்துகொண்டது என்ன?

3. மழை பெய்யாத நாளிலும் விடியற்காலையில் தகரக் கூரை சொட்டுவதற்குரிய காரணத்தை விளக்குக.

4. ஓர் அறை 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உடையது. வெப்பநிலை 30 பாகை. ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடு. அவ்வறைக் காற்று இன்னும் எத்தனை கிராம் நீராவியைத் தாங்கும்? (விடை: 360 கிராம்)

5. உன் வீட்டில் உப்புச் சோதனையைச் செய்து, மூன்று நாள் கண்டவற்றை அட்டவணையாக எழுதுக. ஈரம் மிகுந்த இடத்தைப் பெற்றோர்க்குக் காட்டி, அதனை உலர்த்தும் வழியை அவர்களோடு கலந்து முடிவு செய்க.